கர்னாடின் 'துக்ளக்': சுல்தானின் நாடகமா, அஸீஸின் நாடகமா?

மேடையோரம் (கேள்வி):

போன வாரம் பெங்களூரில் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' நாடகத்தை இந்தியில் பார்த்தேன். முடிந்ததும் இயக்குநரோடு கலந்துரையாடல் என்று அறிவித்திருந்ததால் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான் வந்தது: இன்றைய துக்ளக் யார்? ஒரு பெரியவர் எழுந்து, இது நேருவைப் பற்றிய நாடகம், இதில் பேச என்ன இருக்கிறது என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "2016 நவம்பர் 8" என்று பணமதிப்பிழப்பு அறிவித்த நாளை மட்டும் சொன்னான், அரங்கமே சிரித்தது. இயக்குநர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு அது பெரிய எரிச்சல். மேடையில் நான் பார்த்தது வேறு ஒரு ஆளுடைய கதை.

நாடகம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1327, தில்லி. குடிமக்கள் சுல்தான் மேலேயே வழக்குப் போடலாம் என்று முகமது பின் துக்ளக் அறிவிக்கிறான். விஷ்ணு பிரசாத் என்ற ஏழைப் பிராமணன், அதிகாரிகள் தன் நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று வழக்குப் போட்டு ஜெயிக்கிறான். ஐந்நூறு வெள்ளி தினாரும் அரசாங்க வேலையும் கிடைக்கிறது. கூட்டம் கலைந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, அவன் பிராமணனே இல்லை, அஸீஸ் என்ற சலவைத் தொழிலாளி. அறிவிப்பு காதில் விழுந்ததுமே, பறிமுதலான ஒரு நிலத்தை அதன் பழைய சொந்தக்காரரிடமிருந்து முன்தேதி போட்ட பத்திரத்தில் வாங்கிக்கொண்டு, பிராமணன் வேஷத்தில் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறான். முஸ்லிமாகவே வந்திருக்கலாமே? ஒரு ஏழை முஸ்லிம் ஜெயித்தால் சுல்தானுக்கு என்ன பெருமை? ஒரு பிராமணன் ஜெயித்தால்தானே ஊர் பேசும். சுல்தானின் அறிவிப்பு எதற்காக என்பதை அவனைவிட அஸீஸ் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆணைக்கும் இதே கதைதான். தலைநகரம் தௌலதாபாத்துக்கு மாறுகிறது, அஸீஸ் வழியில் ஒரு முகாமுக்கு அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு லஞ்சம் வாங்குகிறான். செப்புக் காசுக்கு வெள்ளிக் காசின் மதிப்பு என்று ஆணை வருகிறது, கள்ளக் காசு அடிக்கிறான். கலீபா வம்சத்தைச் சேர்ந்தவர் வந்து ஆசி தரும்வரை தொழுகை கிடையாது என்று ஆணை வருகிறது, வருகிற அந்த ஆளையே கொன்றுவிட்டு அவர் அங்கியைப் போட்டுக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். கடைசிக் காட்சியில் பிடிபட்டதும், நான்தான் உங்கள் ஆணைகளை வரிவிடாமல் பின்பற்றிய உண்மையான சீடன் என்று சுல்தான் முகத்துக்கு நேரே சொல்கிறான். சுல்தானால் அவனைத் தண்டிக்கக்கூட முடியவில்லை.

கர்னாட் எழுதியது ஆணைகளின் கதை என்று எனக்குப் படுகிறது. மேலே கையெழுத்தாகும்போது ஒரு ஆணை எப்படி இருக்கிறது, தரைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது. நான் பார்த்த தயாரிப்பில் அஸீஸ் வருகிற காட்சிகளைப் பாதியாக வெட்டி, மிச்சத்தைக் கோமாளித்தனமாக ஓட்டிவிட்டார்கள். கடைசியில் சுல்தான் தூங்கிப்போகிறபோது ஒரு சோக வயலின், நீல வெளிச்சம், நாம் அவனுக்காக அழ வேண்டுமாம். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

நான் கேட்பது இரண்டு. இப்படிப் படிக்கப் பிரதி இடம் கொடுக்கிறதா, இல்லை நானாக இழுக்கிறேனா? கடைசிக் காட்சியை எப்படிப் போட்டால் சரியாக இருக்கும்?

பரனிதாசன்:

நேருவை அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்பிவிட வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பேட்டியில் கர்னாட் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தில்லி சிம்மாசனத்தில் ஏறியவர்களிலேயே அறிவாளி, லட்சியவாதி, அதே சமயம் மிகப் பெரிய தோல்வி. இருபதே ஆண்டில் அப்படிப்பட்ட மனிதன் சிதறிப்போனான். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவும் அதே பக்கம் வெகுதூரம் வந்துவிட்டதாகத் தோன்றியது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்தப் பதிலில் அவர் ஒரு ஆளைச் சுட்டவில்லை, நாட்டைச் சொல்கிறார். 1962இல் சீனப் போர், 1964 மே மாதம் நேரு மறைவு, அதே 1964இல் இந்த நாடகம். எழுதியவருக்கு 26 வயது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பி, நம் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சுதந்திரம் வந்தபோது சிறுவனாக இருந்த தலைமுறை, வளர்ந்து வந்து கணக்குக் கேட்கிற நாடகம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் அஸீஸுக்கு வருவோம். பிரதி இடம் கொடுக்கிறது, தாராளமாகவே கொடுக்கிறது. ஆனால் அந்த வாசிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

முகமது பின் துக்ளக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜியாவுத்தீன் பரனி எழுதியது. பதினேழு வருஷம் அரசவையில் சுல்தானோடு இருந்தவர். சுல்தான் 1351இல் சிந்துப் பக்கம் தட்டா அருகே இறந்த பிறகு, அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா காலத்தில் செல்வாக்கெல்லாம் போய், வறுமையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. அதில் அவருக்கு இருக்கிற தீராத மனத்தாங்கல் ஒன்று: சுல்தான் குலம் கெட்டவர்களுக்குப் பதவி கொடுத்தான் என்பது. பாட்டுக்காரன், நாவிதன், சமையல்காரன், தோட்டக்காரன் என்று வரிசையாகத் திட்டுவார். அந்த வரிசையில் முக்கியமான ஆள் சாராயக்காரன் என்று அவர் இளக்காரமாகக் குறிப்பிடுகிற அஸீஸ் கம்மார். அவனைச் சுல்தான் மாளவத்துக்கு அனுப்பினான். அங்கே தார் நகரத்தில் நூற்றுவர் தலைவர்கள் எனப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளை அவன் ஒரேயடியாகத் தலையை வெட்டினான். தக்காணத்தில் புகைந்துகொண்டிருந்தது அதோடு பற்றிக்கொண்டு, 1347இல் அதே தௌலதாபாத்தில் பாமினி ராஜ்யம் எழுந்தது. (மதுரை அதற்கு முன்பே, 1335 வாக்கில், ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா கையில் தனியாகப் போய்விட்டது. மொராக்கோ யாத்ரீகர் இப்ன் பதூதா அவருடைய மருமகன் என்பது உபரித் தகவல்.)

பரனி சொல்கிற இந்த அஸீஸைத்தான் கர்னாட் நாடகத்து அஸீஸாக ஆக்கினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாடக முடிவில் சுல்தான் அவனுக்கு என்ன தருகிறான்? தக்காணத்தில் ஒரு பதவி. வரலாறு படித்தவனுக்கு அங்கே முதுகு சில்லிடும்.

எனக்கு உறுத்துவது இதுதான். கீழே இருக்கிறவனை மேலே ஏற்றினால் ராஜ்யம் கெடும் என்பது பரனியின் கட்சி. நாடகத்தில் கர்னாட் பரனியைச் சாதுவான, மனசாட்சியுள்ள நண்பனாக வைத்திருக்கிறார். ஏமாற்றுக்காரனை ஒரு சலவைத் தொழிலாளியாக வைத்திருக்கிறார். அரண்மனைக்குள் எத்தனையோ அமீர்கள், அதாவது பிரபுக்கள், சதி செய்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒரு கௌரவம், ஒரு கொள்கை, ஒரு வருத்தம் இருக்கிறது. வெறும் பணத்துக்காகப் பிணம் தின்கிறவன் மட்டும் வண்ணான். 'இது அஸீஸின் நாடகம்' என்று நீங்கள் சொல்லும்போது, பரனியின் அந்தப் பழைய வயிற்றெரிச்சலும் உங்களோடு உள்ளே வந்துவிடுகிறது. அதை என்ன செய்யப்போகிறீர்கள்?

பின்திரை:

பரனிதாசன் வாத்தியார் சொன்னதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மேடை விஷயம். அஸீஸ் காட்சிகளை வெட்டுகிறவர்களுக்கு இந்த நாடகத்தின் கட்டுமானமே பிடிபடவில்லை என்று அர்த்தம்.

கர்னாட் இதைப் பழைய பார்சிக் கம்பெனி நாடகங்களின் அமைப்பில் எழுதியதாக அவரே விளக்கியிருக்கிறார். அந்த நாடகங்களில் இரண்டு வகைக் காட்சி. ஒன்று மேடையின் முழு ஆழத்தையும் எடுத்துக்கொள்கிற அரண்மனை, தர்பார், மாளிகை. இன்னொன்று முன்னால் ஒரு படுதாவை இறக்கிவிட்டு, அதற்கு முன்னே இருக்கிற நாலடி இடத்தில் நடக்கிற தெருக் காட்சி. பின்னால் தர்பாரைப் பிரித்து அடுத்த செட்டை மாட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க முன்னால் இரண்டு பேர் காமிக் அடிப்பார்கள். நம்மூர் கம்பெனிகளிலும் இதே ஏற்பாடுதான். முன்படுதா ஆட்களுக்கு ஆழத்துக்குள் வேலை கிடையாது. ராஜா ஆழத்தில், கோமாளி முன்னால்.

துக்ளக்கில் சுல்தான் ஆழம், அஸீஸும் அவன் கூட்டாளி ஆஸமும் முன்படுதா. எழுதிக்கொண்டே போகும்போது இந்த இரண்டையும் பழைய விகிதத்தில் வைத்திருப்பது கஷ்டமாகிவிட்டது, முன்காட்சிகள் தாமாகவே பெருக்க ஆரம்பித்துவிட்டன என்று கர்னாட் ஒப்புக்கொள்கிறார். கடைசிக் காட்சியில் முன்படுதா ஆள் ஆழத்துக்குள்ளேயே நடந்து வந்து, சுல்தானுக்கு எதிரே நின்று பேசுகிறான். பழைய கம்பெனிக்காரர் யாராவது பார்த்திருந்தால் பதறிப்போயிருப்பார். அரசியல் பொருள் வசனத்தில் இருப்பதைவிட அந்த நடையில் அதிகம் இருக்கிறது. ஆகவே மேடையோரம், நீங்கள் இழுக்கவில்லை.

ஆனால் இந்த நாடகத்துக்குப் பேர் வாங்கித் தந்த தயாரிப்புகள் வேறு திசையில் போனவை. எழுபதுகளில் இப்ராஹிம் அல்காஸி தில்லி புரானா கிலாவில் போட்டார், மனோகர் சிங் சுல்தான். 2012இல் பானு பாரதி ஃபிரோஸ் ஷா கோட்லாவில் போட்டார், துக்ளக் வம்சத்தார் கட்டிய இடத்திலேயே. படங்களைப் பார்த்தாலே மூச்சு முட்டும். நிஜக் கோட்டை மதில், நிஜ இருட்டு. ஆனால் கோட்டையில் படுதா ஏது? எல்லாமே ஆழம்தான். அங்கே சுல்தான் இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிடுகிறான், அஸீஸ் எறும்பாகிவிடுகிறான். நம் இயக்குநர்கள் பலருக்கு மனசில் அந்தக் கோட்டைதான். சின்ன அரங்கில் போடும்போதும் அதையே கட்டப் பார்க்கிறார்கள்.

நான் ஒரு தயாரிப்புக்கு லைட் பார்த்தேன், அமெச்சூர் குழு, சின்ன அரங்கம். எங்களிடம் செட்டுக்குக் காசு இல்லாததால் நிஜமாகவே ஒரு படுதாவைத் தொங்கவிட்டோம், பழைய மெத்தை உறைத் துணி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் காப்பாற்றியது. தொழுகை நேரத்தில் அமீர்கள் கத்தியை உருவுகிற காட்சியில் படுதாவுக்குப் பின்னாலிருந்து சுல்தானின் இந்து வீரர்கள் ஈட்டியோடு வர வேண்டும் அல்லவா? அதுவரை அஸீஸ் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அதே படுதா. ஜனம் உறைந்துவிட்டது. அப்புறம் சுல்தான், அமீர்களோடு சதியில் சேர்ந்த ஷிஹாபுத்தீனைக் குத்துகிறான், நிறுத்தாமல் குத்துகிறான். எங்கள் நடிகர் அதை ஆவேசமாகச் செய்யாமல், ரசீதில் முத்திரை குத்துகிறவர் மாதிரி ஒரே சீராகக் குத்தினார். அதற்குமேல் அந்த ஆள் பேசிய எந்த லட்சியத்தையும் என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

கடைசிக் காட்சிக்கு என் யோசனை: வயலினைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். நாடகம் முழுக்கத் தூக்கம் வராமல் கோட்டைச் சுவரில் உலாத்துகிற ஆள் கடைசியில் தூங்குகிறான், தொழுகைக்கு அழைப்பு கேட்கிறது, விழித்துப் பார்க்கிறான், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பயந்து முழிக்கிறான். அவ்வளவுதான் பிரதியில் இருக்கிறது. இரக்கமா வெறுப்பா என்று சொல்லவில்லை. நாங்கள் லைட்டையே மாற்றவில்லை. முழிக்கிறவனை அப்படியே முழிக்க விட்டு, அழைப்பு முடிந்ததும் அணைத்துவிட்டோம். அதற்கு முன் அஸீஸைப் பக்கவாட்டில் அனுப்பாமல், மேடையிலிருந்து இறக்கி, பார்வையாளர்களுக்கு நடுவே இருக்கிற வழியில் வெளியே போகவிட்டோம். போகிற வழியில் இரண்டு பேருக்கு சலாம் வைத்துவிட்டுப் போனான். ஒருத்தர் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், பாவம்.

மயிலாப்பூர்வாசி:

எல்லாரும் ரொம்ப ஆழமாகப் போகிறீர்கள், நான் முன்படுதாவிலேயே நின்றுகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த நாடகத்தைப் போட்டால் ஒரு தொல்லை உண்டு. துக்ளக் என்ற பேரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிடும். சோ 1968இல் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தைப் போட்டார், 1970இல் அதே பேரில் பத்திரிகை, 1971இல் சினிமா. துக்ளக் தர்பார் என்பது நம் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்டது. மாமனார் காலையில் ஒன்று சொல்லி மாலையில் ஒன்று சொன்னால் துக்ளக் தர்பார்தான். கர்னாடின் சுல்தான் மேடைக்கு வந்து சதுரங்கக் காய் நகர்த்தும்போதே நம் ஆட்கள் எங்கே சிரிக்கலாம் என்று காத்திருப்பார்கள்.

ஆனால் மேடையோரம் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. சோ நாடகத்தில் கல்லறையிலிருந்து துக்ளக்கும் இப்ன் பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள், துக்ளக் பிரதமராகிறான், கட்சி மாறி வருகிறவனுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி, பாரசீகம் ஆட்சிமொழி. கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் வேஷக்காரர்கள். அதாவது சோவின் துக்ளக்கே ஒரு அஸீஸ்! பெரிய ஆளின் பேரைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிற சாதாரண ஆள், அதை நம்புகிற ஜனம், அதில் ருசி கண்டுவிட்டு இறங்க மறுக்கிறது. நாலு வருஷ இடைவெளியில், ஒருவர் கன்னடத்தில், ஒருவர் தமிழில், ஒரே சுல்தானை வைத்து ஆள்மாறாட்டக் கதை எழுதியிருக்கிறார்கள். கர்னாட் அப்போது சென்னையில்தான் இருந்தார் என்று வாத்தியார் வேறு சொல்கிறார். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்ற வம்புக்கு நான் போகவில்லை, இரண்டும் முழுக்க வேறு வேறு ஜாதி நாடகம். காற்றில் ஏதோ இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் ஓட்டு சோவுக்குத்தான். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

நூர் வாசிக்கிறாள்:

நான் இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் கல்லூரிப் பாடமாகப் படித்தவள். வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் பெண் நான்தான் என்பதால் கொஞ்சம் வேறு மாதிரி படித்தேன் என்றும் சொல்லலாம். பைத்தியக்கார சுல்தான் என்று சொல்லித்தான் பேராசிரியர் பாடத்தை ஆரம்பித்தார், எல்லோரும் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

முதல் காட்சியில் கூட்டத்தில் நிற்கிற ஒரு இந்து பேசுகிறான், யாருக்காவது நினைவிருக்கிறதா? முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டுகிற ஜிஸியா வரியைச் சுல்தான் நீக்கிவிட்டான். இவன் அதற்குச் சந்தோஷப்படவில்லை. என்னை நாயே என்று உதைத்து வரியைக் கட்டு என்றால் எனக்கு நிம்மதி, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். நீ இந்து, ஆனாலும் மனிதன் என்று ஒருத்தன் வந்து சொன்னால்தான் பயமாக இருக்கிறது என்கிறான். வகுப்பில் எல்லோரும் சிரித்த இடம் அது. எனக்கு அதைவிட உண்மையான அரசியல் வசனம் அந்த நாடகத்திலேயே இல்லை. பக்கத்தில் நிற்கிற முஸ்லிம்களுக்கும் அதே பயம்தான். இவன் ஏன் காஃபிர்களுக்கு இவ்வளவு செய்கிறான், அப்பாவையும் தம்பியையும் கொன்றவனாமே என்று முணுமுணுக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவனை நம்பவில்லை, அதுவும் அவன் நல்லது செய்யும்போதுதான் நம்பவில்லை. இன்றைக்கு மேடையேற்றுகிறவர்கள் தாடி, தலைப்பாகை, கத்தி என்று ஒரு பயங்கரத்தைக் கட்டுகிறார்கள். ஒரு முஸ்லிம் ஊர் தன் அரசனைப் பற்றித் தெருவில் நின்று எவ்வளவு சுதந்திரமாக வாதாடுகிறது என்பது அதில் அடிபட்டுப்போகிறது. ஷேக் இமாமுத்தீன் அவன் முகத்துக்கு நேரே பேசுகிறார், ஷேக் ஷம்சுத்தீன் தொழுகையில் கொலை கூடாது என்று அமீர்களிடம் மன்றாடுகிறார், மக்களுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. இதெல்லாம் ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை?

இப்போது அஸீஸ். மேடையோரம், மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு உங்கள் ஆளைப் பிடிக்கவே இல்லை. தௌலதாபாத் போகிற வழியில் அந்த முகாம் காட்சியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பக்கத்து ஊரில் வைத்தியர் இருக்கிறாராம், போய்வர அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறாள். அஸீஸ் பணம் கேட்கிறான். அவளிடம் இருப்பது வைத்தியருக்கு வைத்திருக்கும் காசு மட்டும்தான். அவளை விரட்டிவிடுகிறான். பாவம் விட்டுவிடேன் என்று ஆஸம் கேட்டதற்கு, அந்தக் குழந்தை எப்படியும் பிழைக்காது, காசு மிச்சமானால் அடக்கத்துக்காவது ஆகும் என்கிற மாதிரி ஒரு பதில். இது ஆணை தரைக்கு வந்த விளைவு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அங்கே அஸீஸுக்கும் ஒரு விருப்பம் இருந்தது. சரி போ என்று சொல்லியிருக்கலாம், அவனைக் கேட்க ஒரு நாதியும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாடகத்தில் பேர்கூடக் கிடையாது. ஆணைகளின் கதை என்றால் கடைசி முனையில் நிற்பது அவள், அஸீஸ் இல்லை. அவன் இடையில் நிற்கிற தரகன்.

பெண்கள் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுல்தானின் சிற்றன்னைதான் இந்த நாடகத்தில் உண்மையிலேயே அரசியல் செய்த ஒரே பெண். சுல்தானின் அமைச்சன் நஜீப் இருக்கும்வரை இவன் உருப்பட மாட்டான் என்று கணக்குப் போட்டு, நஜீபுக்கு விஷம் வைக்கிறாள். அதே கணக்கைச் சுல்தான் போட்டால் ராஜதந்திரம். இவள் போட்டதும் கல்லால் அடித்துக் கொல்ல உத்தரவு. அந்தக் காட்சியில் நான் இரக்கப்பட்டேன், ஆனால் சுல்தானுக்காக இல்லை. யாரும் அவளை மையமாக வைத்து இந்த நாடகத்தைப் போட்டதாக நான் பார்த்ததில்லை.

மேடையோரம்:

நூர், அந்த முகாம் காட்சியைத்தான் நான் பார்த்த தயாரிப்பில் சிரிப்பாக்கியிருந்தார்கள். அஸீஸ் பூணூலை இழுத்துவிட்டுக்கொண்டு கோணல் முகம் காட்டுகிறான், அரங்கம் சிரிக்கிறது, அந்தப் பெண் குழந்தையோடு ஓரமாக வெளியேறுவதை யாரும் கவனிக்கவில்லை. தரகன் என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தரகன் என்பதாலேயே எனக்கு அவன் முக்கியம். சுல்தானும் அந்தப் பெண்ணும் நாடகத்தில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. இரண்டு பேரையும் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவன் வழியாகத்தான் பார்க்க முடிகிறது என்கிறேன்.

பரனிதாசன் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி, இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. சலவைத் தொழிலாளியை ஏமாற்றுக்காரனாக வைத்ததில் அந்தப் பழைய நாற்றம் இருக்கிறது, இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் முன்காட்சி ஆட்களைக் கர்னாட் வெறும் அயோக்கியர்களாக விட்டுவிடவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவன் சுல்தானின் மொழியைக் கற்றுக்கொண்டு, அதே மொழியில் அவனை வாயடைக்க வைக்கிறான். பரனி அவனை உயிரோடு புதைக்கச் சொல்கிறார். கவனியுங்கள், நாடகம் முழுக்கக் கருணை, வரலாறு, நீதி என்று பேசுகிற சாது பரனி. சுல்தான்தான் மறுக்கிறான். பரனி அதற்கப்புறம் தன் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குத் தானே நடுங்கிப்போகிறார், அம்மா இறந்துவிட்டதைச் சொல்லி விடைபெற்றுக்கொண்டு அரண்மனையை விட்டுப் போகிறார். கர்னாட் பரனியை அப்படியே நம்பிவிடவில்லை என்பதற்கு எனக்கு அந்த இடம் போதும்.

பின்திரை, மெத்தை உறைப் படுதா பிரமாதம். ரசீது முத்திரையும்.

பரனிதாசன்:

பரனி நடுங்குகிற அந்த இடத்தை நான் அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை, நல்ல பிடி. ஆனாலும் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். மேடையில் பரனிக்குக் குற்ற உணர்ச்சியோடு வெளியேற ஒரு கதவு கிடைக்கிறது. அஸீஸுக்குக் கிடைப்பது பதவி. குற்ற உணர்ச்சி யாருக்கு வருகிறது, யாருக்கு வரவே வராது என்று எழுதுகிறவர் பிரித்துக் கொடுக்கிறபோதே சாதி உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொன்று, செப்புக் காசு பற்றி. பெங்களூர்ப் பையன் சொன்ன 2016க்காக இதைச் சொல்லவேண்டும். வரலாற்றில் சுல்தான் திட்டம் தோற்றதும், அடித்த காசு நல்லதோ கள்ளதோ, கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் கஜானாவிலிருந்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தான். வாங்கிய செப்புக் காசுகள் துக்ளகாபாத்தில் மலை மாதிரி கிடந்ததாகப் பரனி எழுதுகிறார். கர்னாட் அந்தக் குவியலை எடுத்துச் சுல்தானின் ரோஜாத் தோட்டத்தில் கொட்டிவிட்டார். பாரசீகக் கவிஞர் ஸஅதியின் கவிதைகளை நினைத்து அவன் ஆசை ஆசையாகப் போட்ட தோட்டம். ஜனங்களுக்கு நஷ்டமே இல்லாமல் கஜானாவே நஷ்டத்தைச் சுமந்தது என்கிற இந்தப் பகுதியை, யாரோடு ஒப்பிட்டுச் சிரிப்பவர்களும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நூர் வாசிக்கிறாள்:

அந்தக் கடைசி வரிக்காகவே வாத்தியாருக்கு ஒரு டீ. ஆனால் 'நஷ்டமே இல்லாமல்' என்பதை வாபஸ் வாங்குங்கள். கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே இருக்கிற தோஆபில் வரியை ஏற்றி, மேலே பஞ்சமும் வந்து, ஜனம் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடியதையும் உங்கள் பரனிதான் எழுதியிருக்கிறார்.

பின்திரை:

அடுத்த மாதம் நாங்கள் சில பேர் உட்கார்ந்து இதை மொத்தமாக வாய்விட்டு வாசிக்கலாம் என்று இருக்கிறோம், சென்னையில், ஒரு நண்பர் வீட்டு மாடியில். மேடையோரம் அஸீஸை எடுத்துக்கொள்ளட்டும். நூர் சிற்றன்னையா அந்த முகாம் பெண்ணா என்று முடிவு செய்து சொல்லுங்கள், இரண்டும் வேண்டுமென்றாலும் சரி. மயிலாப்பூர்வாசிக்கு ஆஸம். சுல்தானுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.